இருபதாம் தேதி, நாலு மணி

எங்கள் அடுக்குமாடியில் எதிர் வீட்டு மினிக்கு எட்டு வயது முடியப் போகிறது. நேற்றுச் சாயங்காலம் மணியடித்தாள். நான் கதவைத் திறந்ததும் ஓர் அட்டையை நீட்டினாள். பலூன் படங்களுக்கு நடுவில் அவள் பெயர், கீழே பன்னிரண்டாம் தேதி, ஐந்து மணி. பார்த்த மாத்திரத்தில் என் வாயில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"இங்கிலீஷ் தேதியா, மலையாளத் தேதியா?"

குழந்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. "தேதின்னா தேதிதானே மாமி?"

அவள் போய்விட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்குப் போனேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பினேன். மேஜைமேல் விரல்கள் தாமாகவே தட்டிக்கொண்டிருந்தன. இந்தத் தட்டல் என் அப்பாவிடமிருந்து வந்தது. வேறு சொத்து எதுவும் அவரிடமிருந்து எனக்கு வரவில்லை.

அப்பாவுக்குத் தந்தி ஆபீஸில் வேலை. கட்டு கடா, கட்டு கடா என்று நாள் முழுக்கத் தட்டிவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டிலும் விரல் ஓயாது. சாப்பிட உட்கார்ந்தால் இலை ஓரத்தில் தட்டுவார். கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது தொடையில் தட்டுவார். சாமிக்குத் தந்தி போகிறது என்று அம்மா சொல்லுவாள். நானும் வகுப்பில் பெஞ்சைத் தட்டித் தட்டி வாரத்துக்கு இரண்டு தடவையாவது எழுந்து நின்றிருக்கிறேன்.

இந்த மலையாள ஊரில் அப்போது மகாராஜா ஆட்சி. வலியசாலை அக்கிரகாரத்தில் எங்கள் வீடு. ஒரே வீட்டில் மூன்று தேதிகள் நடந்தன. அம்மாவுக்குப் பஞ்சாங்கம். சித்திரை, வைகாசி, அதற்குள் திதி, நட்சத்திரம். வாசலைத் தாண்டினால் மலையாளத் தேதி. சர்க்கார் கச்சேரியில், பள்ளிக்கூடத்தில், பால்காரனிடத்தில், எங்கும் சிங்ஙம், கன்னி, துலாம் என்றுதான் மாதம். அப்பாவின் ஆபீஸ் மட்டும் வெள்ளைக்காரர்களுடையது என்பதால் அங்கே ஜனவரி, பிப்ரவரி. நான் அப்பா பெண். என் மண்டையில் இங்கிலீஷ் தேதிதான் ஓடியது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பிறந்தநாள் ஆசையை எனக்குக் கிளப்பிவிட்டவள் அன்னம்மா. என் வகுப்புக்காரி, பாளையத்தில் வீடு, அப்பா டாக்டர். முந்தின வருஷம் அவள் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். வாசலில் அவள் அம்மாவே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். பெரிய கேக்கு, அதன்மேல் குட்டிக் குட்டி மெழுகுவர்த்திகள். அன்னம்மா கன்னத்தை உப்பவைத்து ஒரே மூச்சில் ஊதி அணைத்தாள். கேக்கில் முட்டை இருக்கும் என்று எனக்கு மட்டும் தனியாக மலைப்பழமும் நன்னாரி சர்பத்தும் வைத்திருந்தார்கள். பிறகு நாற்காலிகளைச் சுற்றி ஓடுகிற விளையாட்டு. பியானோ நின்றால் உட்கார வேண்டும். அடடா, உட்கார வேண்டும் என்று என்னிடம் யாராவது சொல்லி நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

எனக்குப் பத்து வயது முடிகிறபோது அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வகுப்பில் ஐந்து பேரைக் கூப்பிட வேண்டும். அன்னம்மா, என் உயிர்த் தோழி சாரதாமணி, இன்னும் மூன்று பேர்.

"பொறந்த நாள்னா நட்சத்திரம்தான். ஒனக்கு அஸ்தம். அன்னிக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டுக் கோவிலுக்குப் போகணும், பாயசம் வெக்கணும். இதென்ன புதுசா ஒரு தேதி?" என்றாள் அம்மா.

"நட்சத்திரத்தை நீ வெச்சுக்கோ, தேதியை அவ வெச்சுக்கட்டுமே" என்றார் அப்பா.

அம்மா நட்சத்திரத்தில்கூட இறங்கி வந்துவிட்டாள். மெழுகுவர்த்தியில் இறங்கவில்லை. "பொறந்த நாளும் அதுவுமா வெளக்கை ஊதி அணைப்பாளோ? நன்னா இருக்குடி!" கடைசியில் ஊதவே வேண்டாம், பத்து அகல் ஏற்றுவது என்று முடிவாயிற்று. கேக்குக்குப் பதில் கோதுமை அல்வா, தாம்பாளத்தில் கொட்டி நான் கத்தியால் வெட்டலாம். எங்கள் வீட்டில் நாற்காலி ஒன்றுதான், அதற்கும் ஒரு கால் ஆட்டம். ஆகவே மணைப் பலகைகளை வட்டமாகப் போடுவது. பியானோவுக்கு அப்பா. பித்தளைச் சொம்பைக் கவிழ்த்துப் போட்டு அவர் தந்தி தட்டுவார், தட்டல் நின்றால் மணையில் உட்கார வேண்டும். இதை யோசித்தது நான்தான். இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமைதான்.

இந்தத் திட்டத்தில் ஒரு முள் இருந்தது. அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் எந்த ஜாதிக்காரர் எதுவரை வரலாம் என்று கணக்கு உண்டு. அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நான் வேண்டாம்னு பறையலைடி. ஆனா தெருவிலே நாலு பேர் பாப்பா. கொல்லைப் பக்கமா வரச் சொல்லு. கெணத்தடியிலே பாய் விரிச்சு நன்னா செய்வோம்."

அன்னம்மாவின் அம்மா என் கையைப் பிடித்து முன்வாசல் வழியாக அழைத்துப் போன வீடு எனக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டினேன். பார்ட்டி நடந்தால் போதும் என்றிருந்தது.

அழைப்பு எழுத அப்பா வீணாய்ப்போன தந்திக் காகிதங்கள் கொண்டு வந்தார். நான் இங்கிலீஷில் வளைத்து வளைத்து எழுதினேன். ஏப்ரல் மாதம் இருபதாம் தேதி, சாயங்காலம் நாலு மணிக்கு, எங்கள் இல்லத்தில், தாங்கள் அன்புடன், இப்படி ஒரு பக்கம். அப்பா பென்சிலை எடுத்தார்.

"தந்திக் காகிதத்துலே கடுதாசி எழுதுவாளோ? வேண்டாத வார்த்தையெல்லாம் வெட்டு. இல்லம் எதுக்கு, வேற எங்கே வருவா? அன்பு எதுக்கு, அன்பில்லாமலா கூப்பிடறே? இன்னிக்கே குடுக்கறே, அடுத்தாப்போல வர இருபது ஏப்ரல்தானே? மாசம் எதுக்கு?"

வெட்ட வெட்ட எங்கள் இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: பர்த்டே இருபது நாலுமணி வா. ஐந்து காகிதங்களிலும் அதையே கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அன்று கோடை விடுமுறைக்கு முந்தின கடைசி நாள். ஐந்து பேரும் காகிதத்தை வாங்கிக்கொண்டு குதித்தார்கள். கொல்லைப்புற விஷயத்தை மட்டும் காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. மணியடிக்கிற நேரத்தில் சாரதாமணியைத் தனியாக இழுத்து, "பின்வாசல் வழியா வரணும். அம்மா சொன்னா. மத்தவாகிட்ட நீ சொல்லிடு" என்றேன். அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

சித்திரை முதல் நாள், விஷு அன்று அப்பாவுக்கு மதுரைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இருபத்தேழாம் தேதி கிளம்ப வேண்டும். ஆக அந்த இருபதாம் தேதிதான் நான் அவர்களைப் பார்க்கப் போகிற கடைசி நாள் என்றாகிவிட்டது. அதற்கப்புறம் எனக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இல்லை. மணைகளைத் தினமும் வட்டமாகப் போட்டுப் பார்ப்பேன், திரும்ப அடுக்குவேன். மாற்றலைப் பற்றி எப்படிச் சொல்வது, விளையாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி பேசிப் பார்ப்பேன்.

இருபதாம் தேதி வந்தது. நாலு மணிக்கு ஒருத்தரும் வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. கொல்லைக் கதவுக்கும் முன்வாசலுக்கும் நான் எத்தனை தடவை ஓடியிருப்பேன் என்று தெரியாது. பாவாடை ஓரம் கிணற்றடி ஈரத்தில் நனைந்து காலில் ஒட்டியது. பாயசத்தின்மேல் ஏடு படிந்தது. அம்மா இரண்டு முறை சூடு பண்ணினாள், மூன்றாம் முறை பண்ணவில்லை.

அப்பா சொம்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். ஐந்தரை மணிக்கு மெள்ளத் தட்ட ஆரம்பித்தார். "வாடி, நாம மூணு பேரும் ஆடலாம்" என்றார். நான் ஒரு மணையை எட்டி உதைத்தேன். அது போய்ச் சுவரில் மோதியது. அப்பாவின் கை நின்றது. அந்த விளையாட்டில் தட்டல் நின்றது அந்த ஒரு முறைதான், யாரும் உட்காரவில்லை.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். பின்வாசல். சாரதாமணி குனிந்து கால்களைப் பார்த்தது நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் கூசியது. மறுநாள் கரமனையில் அவள் வீட்டுத் தெருமுனை வரை போனேன். என்ன கேட்பது? மன்னிப்பா, சண்டையா? முனையிலேயே நின்று, நாலு தடவை போவதும் வருவதுமாக இருந்துவிட்டு, திரும்பி வந்துவிட்டேன். இருபத்தேழாம் தேதி கொல்லம், செங்கோட்டை வழியாக ரயில் ஏறினோம். வழி நெடுக ஜன்னல் கட்டையைத் தட்டிக்கொண்டே போனேன். யாரும் என்னை அதட்டவில்லை.

மதுரையில் படித்து, பல ஊர்களில் வாத்தியாராக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கே திரும்பினேன். இதற்கிடையில் எத்தனையோ பேரை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் வந்து சேருகிறவரை என்னால் ஓரிடத்தில் நிற்க முடிந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு சாலைக் கடைத்தெருவில் முறுக்கு அச்சு வாங்கப் போனேன். கடைக்காரர் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல மேஜையைத் தட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற நரைத்த அம்மாள் என் கையையே பார்த்தாள்.

"தந்தி ஆபீஸ் சாரின்டெ மகளல்லே?"

சாரதாமணி! நான் வாயைத் திறப்பதற்குள், கூப்பிட்டுவிட்டு எங்கே போனாய் என்று அவள் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"ஞங்ஙளை விளிச்சிட்டு, வீடும் பூட்டி நீ எவிடே போயி?"

"நீங்கதானேடி வரலை!"

"வந்நல்லோ! மேடம் இருபதினு, நாலு மணிக்கு. அஞ்சு பேரும் வந்நு."

மேடம் என்பது நம் சித்திரைக்கு மலையாளப் பெயர். அந்த மாதம் பிறப்பதே ஏப்ரல் பாதியில்தான். மேடம் இருபது என்றால் மே மாதம் தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். நாங்கள் ஊரைக் காலி பண்ணி ஒரு வாரம். நானும் அப்பாவும் சிரித்துச் சிரித்து வெட்டினோமே, அந்த ஒரு சொல்!

எந்த வாசலில் நின்றீர்கள் என்று கேட்டேன்.

"நீ பறஞ்ஞ வாசல்தன்னெ. பின்வாசல்."

அவள் அன்று குனிந்து பார்த்தது செருப்பைத்தானாம். கொல்லைச் சந்தில் சேறாயிருக்குமே, புதுச் செருப்புப் போடலாமா என்று யோசித்தாளாம். வேண்டாம் என்று தீர்மானித்து, ஐந்து பேரும் வெறுங்காலோடு வந்திருக்கிறார்கள். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தார்கள். முட்டை போடாமல் செய்யச் சொல்லி அன்னம்மா ஒரு கேக்கு கொண்டு வந்திருந்தாளாம், எனக்காக. எந்நேரமும் வந்துவிடுவேன் என்று இருட்டும்வரை காத்திருந்து, பிறகு பத்து மெழுகுவர்த்திகளையும் ஏற்றி, எனக்குப் பதிலாகச் சாரதாமணி ஊதினாளாம்.

கடைத்தெரு என்றும் பாராமல் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையும் இப்போது இல்லை, போன மழைக்காலத்தில் அவள் காலமாகிவிட்டாள்.

எங்கள் வலியசாலை வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்கள். கொல்லைச் சந்தில் மதில் எழும்பிவிட்டது. படி இருந்த இடம் எது என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. மலையாளத் தேதியும் நாட்காட்டி மூலையில் பொடி எழுத்தாகிவிட்டது, கண்ணாடி போட்டும் எனக்குப் புலப்படுவதில்லை. இன்று காலை மினியைக் கூப்பிட்டு, மேடம் இருபது என்றைக்கு வருகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவள் நாற்காலிமேல் ஏறி நின்று விரலை வைத்துத் தேடினாள்.

"அன்னிக்கு யாருக்கு பர்த்டே, மாமி?"

"எனக்கு."

"அப்ப நான் வருவேன், கேட்டேளா?"

வா என்றேன். எந்த வாசல் வழியாக என்று அவள் கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் எந்த வீட்டுக்கும் பின்வாசல் கிடையாது.