ஸ்டோர் வேலை

என் தங்கை மலர்க்கொடியின் கணவன் பகலவனுக்கு ஒழுங்காகப் பொய் சொல்ல வராது. ஆனாலும் ஒரு பொய் சொன்னான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவு, அறுப்பு என்று பிழைத்த குடும்பம் எங்களுடையது. அண்ணன் கோவிந்தராசு மின்கம்பத்திலிருந்து விழுந்து இறந்துபோன பிறகு, மலருக்கு ஏணியைக் கண்டாலே ஆகாது. எங்கள் ஊருக்கே செல்போன் புதிதாக வந்த காலத்தில், பகலவனுக்குத் தான்சானியாவில் டவர் கட்டும் கம்பெனியில் வேலை கிடைத்தது. "ஏற மாட்டேன் மலரு. ஸ்டோர்ல சாமானப் பாத்துக்கற வேலதான்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

அவ்வப்போது சாயங்காலம் போன் வரும். கூடவே ஹோவென்று இரைச்சல். கேட்டால், ஃபேன் ஓடுகிறது என்பான். அது என்ன ஃபேனோ, கூரையைப் பிய்த்துவிடும் போல என்று நான் கிண்டல் செய்வேன்.

ஒருநாள் அவனிடம் சொல்ல மலருக்கு ஒரு நல்ல சேதி இருந்தது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "என்ன? கேக்கல" என்றே கத்தினான்.

"அந்தப் பாழாப்போன ஃபேன நிறுத்துங்க!"

"நிறுத்த முடியாது மலரு. அது காத்து. டவர் மேல நிக்கிறேன். கீழ சிக்னல் கெடையாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். மலர் திட்டவில்லை. "பேசாதீங்க, பாத்து இறங்குங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் பத்திரமாக இறங்கினானா என்பது அவன் மறுபடி ஏறிப் பேசினால்தான் தெரியும். அதுவரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த போனில், "ஏதோ சொல்ல வந்தியே?" என்றான்.

"ஒண்ணுமில்ல. கீழ வந்து பேசுங்க, சொல்றேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லித் தொலையேன்டி" என்றேன்.

"சந்தோசத்துல கைய விட்டுட்டாருன்னா?" என்றாள்.

மழையில் அங்கே பாதை அறுந்துபோனது. தரையில் நின்று பேச அவனால் டவுனுக்கும் போக முடியவில்லை, டவர் வேலையும் இழுத்துக்கொண்டே போனது. அவள் வயிறு மேடிட்டது. ஊருக்கே தெரிந்தது, அவனைத் தவிர.

கடைசியில் டவர் ஓடத் தொடங்கி, கீழேயும் சிக்னல் கிடைத்த அன்று கூப்பிட்டான். இரைச்சல் இல்லை. கோழிச் சத்தம் கேட்டது.

"கால் தரையிலதான இருக்கு?"

"ஆமா மலரு."

"உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்கன்னா உக்காருங்க." அவன் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்ன பிறகுதான் சொன்னாள். "எனக்கு ஆறாம் மாசம்."

அவன் விம்மியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.