அம்மாவின் போனில் அப்பா பெயர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த கோபம் மத்தியானம் வரை இறங்கவே இல்லை. அதற்குக் காரணம் ஒரு கேபிள்.

அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு இனிப் பயமில்லை என்றார் டாக்டர். பேச்சு மட்டும் போய்விட்டது. இப்போது ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறார். அவர் பேசுவதை நாங்கள் யாரும் வீடியோ எடுத்து வைத்ததில்லை. கல்யாண வீட்டில்கூட கேமராவைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிற மனிதர். ஆனால் அம்மாவின் போன், எல்லா அழைப்புகளையும் தானாகவே பதிந்து வைக்கிற ரகம். அப்பாவின் குரல் இருக்கிற ஒரே இடம் அதுதான்.

அந்தப் போனை அம்மா துவைக்கிற கல்லில் நழுவவிட்டாள். திரையின் அடிப்பக்கம் கறுத்தது. கறுப்பு தினமும் ஒரு விரற்கடை மேலே ஏறியது. ஜங்ஷனில் போன் ரிப்பேர் கடைக்காரர், திரையை மாற்றித் தருகிறேன், உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பில்லை என்றுவிட்டார். முழுவதும் கறுப்பதற்குள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட வேண்டும்.

என் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ்; எதை இணைத்தாலும் லேசில் ஒத்துப்போகாது. நானாக ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டது. ஆகவே யாரையும் திட்டவும் வழியில்லை. முதல் கேபிளைச் செருகினேன். போனில் சார்ஜ் ஏறியது, கம்ப்யூட்டரோ அப்படி ஒன்று வந்திருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளாம். வீட்டில் கிடந்த ஏழு கேபிள்களில் ஆறு அந்த ரகம்தான். இவற்றை எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் தேவலை. ஏழாவதில் போனின் பெயர் கம்ப்யூட்டர் திரையில் வந்தது. திறந்தால் உள்ளே காலி. கோப்புகளைக் காட்ட அனுமதிக்கலாமா என்று போன் கேட்கிறது. அந்தக் கேள்வியும் பொத்தானும் கறுப்புக்குள் இருக்கின்றன. குத்துமதிப்பாகத் தட்டினேன். நான் தட்டியதெல்லாம் ‘வேண்டாம்’ என்பதைத்தான் போலிருக்கிறது. உருவினேன், செருகினேன், தட்டினேன், மறுபடி உருவினேன்.

“பையச் செய்லே. உடைச்சிராத” என்றாள் அம்மா.

“உடைச்சது நீதான்” என்று சொல்லிவிட்டேன். அவள் அடுக்களைக்குள் போனாள். அப்பா நோட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘அவளை ஏசாதே’ என்று எழுதியிருந்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எரிச்சல் போகவில்லை.

ஆத்திரத்தில் போனைப் பக்கவாட்டில் திருப்பி மேஜையில் சாய்த்து வைத்தேன். திரையில் இருந்ததும் கூடவே படுக்கைவாட்டில் திரும்பிக்கொண்டது; பொத்தான் கறுக்காத பக்கமாக வந்து நின்றது. போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மல்லாடியதற்கு விடை இவ்வளவுதான். பிறகும் பாதியில் இரண்டு தடவை அறுந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அனுப்பியதில் ஒருவழியாக எல்லாம் வந்து சேர்ந்தன.

யாரோடு பேசினாளோ அவர் பெயரில்தான் ஒவ்வொரு கோப்பும் இருக்கும். ‘அப்பா’ என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அவர் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுத் தேடினேன். இல்லை. பால்காரர் இருந்தார், கேஸ் கம்பெனி இருந்தது, நான் ‘மூத்தவன்’ என்று இருந்தேன். அப்பாவைக் காணோம். பாதியில் அறுந்தபோது போய்விட்டதோ?

“அப்பா நம்பர எந்தப் பேர்ல வச்சிருக்க?” என்று கத்தினேன்.

அம்மா அடுக்களை வாசலுக்கு வந்தாள். “அப்பான்னு வச்சா அது எங்க அப்பால்லா? அவுக பேர நான் எப்பிடிலே சொல்லுதது?”

அவளுக்குப் போனில் எழுத வராது. மைக்கில் சொல்லித்தான் பெயர்களைச் சேர்ப்பாள். ரேஷன் கடையில் கார்டு யார் பெயரில் என்று கேட்டால்கூட என் முகத்தைப் பார்க்கிறவள் அவள். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ‘அவுக’ என்று அடித்தேன். கோப்புகள் திரை கொள்ளாமல் வரிசையாக வந்து நின்றன.

கைக்கு வந்த ஒன்றைத் தட்டினேன். ஆட்டோ இரைச்சல். அதன் நடுவே அப்பா, அந்தக் கரகரத்த குரலில்.

“ஏளா, மார்க்கெட்டுல நிக்கேன். சீனியவரைக்காய் நல்லாருக்கு. வாங்கட்டா?” கொஞ்சம் பொறுத்து, “இருக்கியா? என்ன, சத்தத்தையே காணோம்?”

“இந்தா இருக்கேன், சொல்லுங்க” என்றாள் அம்மா. கோப்புக்குள் இருந்த அம்மா இன்னும் வாய் திறந்திருக்கவில்லை. சொன்னவள், கரண்டியோடு என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அப்பா நோட்டைக் கீழே வைத்துவிட்டார்.