ரம்பார் வெங்கின் ஒலிபெருக்கியில் ஒரு பெயர்

ரின்புயிக்கு அரசாங்கம் கொடுத்த வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒருவரோடு ஒருவர் பேசாதவர்களைப் பேச வைக்க வேண்டும். மிசோரத்தில் போதையைத் தடுக்கவும், அதில் விழுந்தவர்களைத் தூக்கி நிறுத்தவும் கலால் துறை ஒரு பக்கம் பாடுபட்டது, சுகாதாரத் துறை இன்னொரு பக்கம் பாடுபட்டது, இவர்கள் இருவரையும்விட அதிகமாக அந்தந்தப் பேட்டையின் இளைஞர் சங்கம் பாடுபட்டது. உழைப்பில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒருவர் கட்டியதை அடுத்தவர் தெரியாமல் இடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய ஐஸால் தலைமைச் செயலகத்தில் ஒருங்கிணைப்புப் பிரிவு என்று ஓர் அறையைத் திறந்தார்கள். அந்த நாற்காலி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதிகாரம் கிடையாது, ஜீப் கிடையாது, எது கெட்டுப்போனாலும் திட்டு மட்டும் உண்டு. கடைசியில் மலைக்கிராமங்களில் அங்கன்வாடி மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ரின்புயியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, செங்குத்துப் படிகளில் மூச்சு வாங்காமல் ஏறுவாள், கைப்பையில் எந்நேரமும் குவா இருக்கும். வெற்றிலையும் பச்சைப் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மடித்த அந்தக் குவாவை நீட்டாமல் எங்கள் ஊரில் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை.

அவள் வந்த முதல் வருஷம் முழுக்கக் கூட்டம் கூட்டினாள். கூட்டம் கூடவில்லை. கலால் கண்காணிப்பாளர் ஸுவாலா எல்லைப்பக்கம் போயிருப்பார். சுகாதாரத் துறையின் டாக்டர் எங்மாவி தன் சார்பாக ஒரு குமாஸ்தாவை அனுப்புவார், அவர் தேநீரைக் குடித்துவிட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போவார். இளைஞர் சங்கத்துக்காரர்கள் வருவதாகச் சொன்ன நாளில் யாராவது இறந்திருப்பார்கள். ஐஸாலில் சாவு விழுந்தால் எந்த வேலையையும் அப்படியே போட்டுவிட்டுப் போகலாம், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ரின்புயி தன் குவாவைத் தானே மென்றாள்.

ஆனாலும் ஒரு காரியத்தை அவள் நடத்திக் காட்டினாள். செயலகச் சன்னலிலிருந்து நேர் கீழே தெரியும் தன் சொந்தப் பேட்டையான ரம்பார் வெங்கில், பிரதான சாலைக்குக் கீழே ஒரு வீட்டின் தரைத்தளத்தில், மருந்தகம் ஒன்றைத் திறக்க வைத்தாள். நம்பர் ஃபோர் என்று எங்களிடம் பெயர்பெற்ற ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தினமும் அங்கே வந்து, நர்ஸ் கண்முன்னே, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்துக் கரைக்க வேண்டும். அது உள்ளே போனால் கை நடுங்காது, உடம்பு முறுக்காது, ஊசியைத் தேடாது. ஆட்கள் சேர்ந்தால் மருந்தகம் தொடரும், சேராவிட்டால் மூடிவிடுவோம் என்று சுகாதாரத் துறை முன்கூட்டியே சொல்லிவிட்டது.

முதலில் வந்தவர்களில் ஒருவன் ரோசங்கா. இருபத்தாறு வயது. ஒரு காலத்தில் ரம்பார் வெங்கில் கல்லறைக் குழி வெட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. எங்களிடம் குழியை வெட்டுவது கூலியாள் இல்லை, பேட்டையின் இளைஞர்கள். யார் வெட்ட வேண்டும் என்று சங்கம் பெயர் சொல்லும், அந்தப் பெயர்கள் ஒலிபெருக்கியில் வரும். தன் பெயர் வந்தால் காய்ச்சலில் கிடப்பவன்கூட எழுந்து போவான். மற்றவர்கள் கைவிட்ட பாறையில் ரோசங்கா பொறுமையாகக் கடப்பாறையைப் போட்டு, குழியின் அடியில் சவப்பெட்டியை உள்ளே தள்ளிவைக்கும் பக்கவாட்டு அறையைச் சுவர் எடுத்ததுபோல் நேராகக் குடைந்துவிடுவான். ஊசி கைக்கு வந்த பிறகு சங்கம் அவன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டது. ரோசங்கா நு, அதாவது அவனைப் பெற்றவள், சாவு அறிவிப்பு வரும்போதெல்லாம் சமையலறைச் சன்னலைச் சாத்திக்கொள்வாள். போதைக்காக மகன் திருடியதைக்கூடத் தாங்கிக்கொண்டாள், இதை அவளால் தாங்க முடியவில்லை.

அந்த ஒலிபெருக்கியில் பேசியது ரின்புயியின் அப்பா, பு கிமா. பு என்றால் ஐயா. கம்பங்களில் கட்டிய தகரக் குழாய்கள் வழியாக அவர் குரல் இருபது வருஷமாகப் பேட்டையை எழுப்பி, தூங்கவைத்து, அழவைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் எந்த நேரத்துக்கு வரும், யாருக்கு ரத்தம் வேண்டும், யார் வீட்டுப் பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டது, யார் இறந்தார், எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். மகள் என்றால் அவருக்கு உயிர். அதை முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை, ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்.

தப்பு ரின்புயியுடையது. ஆட்கள் போதவில்லையே என்ற கவலையில், மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தை அப்பாவிடம் கொடுத்து அறிவிக்கச் சொன்னாள். எங்கள் ஊரில் பிறந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். எந்தச் சங்கடமாக இருந்தாலும் முதலில் கம்பத்தில் ஏற்று, மீதியைப் பேட்டை பார்த்துக்கொள்ளும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பு கிமா நேரத்தைச் சொன்னதோடு நிறுத்தவில்லை.

"என் மகதான் இத நடத்துறா. ஊசி போட்டுக்கிற பசங்க யாரும் வெக்கப்படாம, பயப்படாம, மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க" என்று முழங்கினார்.

மறுநாள் ரெண்டு மணிக்கு மருந்தகத்துக்கு எதிரே இருந்த மாடிகளில் எல்லாம் தலைகள். துணி காயப்போடுவதற்கு அப்படி ஓர் அவசரம் அந்தப் பேட்டைக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. படிக்கட்டில் இளைஞர் சங்கத் தொண்டர்கள் நின்றார்கள். அவர்களுக்குத் தலைவன் தங்லியானா, கறாரான ஆள், தம்பியை இதே போதைக்குப் பறிகொடுத்தவன். ஊசிக்காரர்கள் எல்லாம் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வருகிறார்கள் என்று கம்பமே சொன்ன பிறகு அவன் வேறு எங்கே போய் நிற்பான்? ரோசங்கா படியேறும்போது பிடித்தார்கள். கலால் துறையிடம் ஒப்படைத்தார்கள். ஸுவாலா ஒரு நாள் உள்ளே வைத்தார். அந்த ஒரு நாளும் மாத்திரை இல்லாமல் உடம்பு முறுக்கிக் கிடந்தவன், வெளியே வந்ததும் நேராகப் பழைய சகவாசத்துக்கே போய்விட்டான். அவனோடு வந்துகொண்டிருந்த மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். நர்ஸ் வெறும் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரின்புயி ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தாள். சங்கம் ஒப்படைத்தால் நான் வாங்காமல் இருக்க முடியுமா என்று ஸுவாலா கேட்டார். நோயாளியைப் பிடித்துக்கொண்டு போனால் நான் யாருக்கு மருந்து கொடுப்பது என்று டாக்டர் எங்மாவி கேட்டார். அது மருந்து என்று எங்களிடம் யார் வந்து சொன்னார்கள், போதைக்குப் பதில் இன்னொரு போதை என்றல்லவா நினைத்தோம் என்றான் தங்லியானா. மூன்று பேர் சொன்னதும் நியாயம்தான். மூன்றையும் ஒரே இடத்தில் சொல்லவைக்கத்தான் அவளால் முடியவில்லை. மாதக் கடைசியில் மருந்தகத்தை மூடுவதாகத் தகவல் வந்தது. மூடினால் ரோசங்கா பிழைக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தான் போட்ட அறிவிப்பே அவனைக் கொல்லப்போகிறது என்பதும் தெரியும். அப்பாவிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஏன் யாரும் வரவில்லை, இன்னும் சத்தமாகச் சொல்லட்டுமா என்று அவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் பு கிமா, காலைத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். வேறு யாரோ ஒருவர் குரலில் அவர் பெயர் கம்பங்களில் வந்தபோது ரம்பார் வெங் முழுவதும் தெருவில் நின்று கேட்டது.

அப்புறம் எங்கள் வழக்கப்படி எல்லாம் நடந்தது. யாரும் கேட்காமலே வீட்டுச் சாமான்கள் வெளியே போயின, சங்கத்துப் பெஞ்சுகள் உள்ளே வந்தன. பக்கத்து வீட்டு அடுப்புகளில் பெரிய பெரிய கெட்டில்கள் ஏறின. உடலுக்குப் போர்த்தக் கறுப்பு வெள்ளைத் துணிகளோடு பெண்கள் வந்தார்கள். ரின்புயி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது எதிர்ப் பெஞ்சைப் பார்த்தாள். ஸுவாலா உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் டாக்டர் எங்மாவி. இருவருக்கும் குனிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தவன் தங்லியானா. குமாஸ்தா யாரும் இல்லை, மூன்று பேரும் நேரில் வந்திருந்தார்கள். ஒரு வருஷமாகக் கூடாத கூட்டம் அவள் வீட்டில் கூடியிருந்தது. அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தங்லியானாவைக் கூப்பிட்டாள். நாளைக்குக் குழி வெட்டுவது யார் என்று கேட்டாள். இழவு வீட்டுக்காரர்கள் அதைக் கேட்கும் வழக்கமே கிடையாது. அவன் திகைத்தான்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், ஊ ரின்" என்றான். ஊ என்றால் அக்கா. "நீங்க அதப்பத்தி யோசிக்காதீங்க."

"ரோசங்கா பேரையும் சேத்துக்க. எங்கப்பாவுக்கு அவன்தான் அறை குடையணும்."

இழவு வீட்டில் கேட்டதை இல்லை என்று சொன்ன சங்கத்தை எங்கள் மலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தங்லியானாவின் முகம் சுருங்கியது.

"நான் மாட்டேன்னு சொல்லல, ஊ ரின். அவன் கையப் பாத்தீங்களா? கடப்பாறைய அவனால பிடிக்க முடியாது."

"ஏன் பிடிக்க முடியாதுன்னு பின்னால உக்காந்திருக்கிற டாக்டரக் கேளு."

டாக்டர் எங்மாவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மாத்திரை நாக்கடியில் கரைந்தால் ஒரு நாள் முழுக்க அந்த நடுக்கம் இருக்காது என்பதைப் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை நோய்க்காரருக்கு மருந்து எப்படியோ இவர்களுக்கு இது அப்படி என்றார். தங்லியானா நின்றபடியே கேட்டான். தன் தம்பிக்கும் இது கிடைத்திருந்தால் என்று ஒரு கேள்வியைத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டான். அப்படியானால் நாளைக் காலையில் கொடுங்கள் என்றான்.

"அவன் வரமாட்டாம்ப்பா. படிக்கட்டுல உன் பசங்க நிக்கறாங்க" என்றார் டாக்டர்.

தங்லியானா ஸுவாலாவைப் பார்த்தான். "நாங்க கொண்டாந்தா என்ன சார், மருந்துக்கு வந்தவன்னு நீங்களாவது சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாதா?"

"எனக்கு யாரு சொன்னா? நீ இழுத்துட்டு வந்த, நான் உள்ள வெச்சேன்."

"இதப் பேசத்தான் ஒரு வருஷமா உங்கள வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன்" என்றாள் ரின்புயி. அப்பாவிடமிருந்து வந்த குரல், மைக் தேவையில்லாத குரல், தெருவரை கேட்டது. "எங்கப்பா செத்தாத்தான் வருவீங்களா?"

ஸுவாலா டாக்டர் பக்கம் நகர்ந்து தங்லியானாவுக்கு இடம் விட்டார். மூவரும் அதே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். இழவு வீட்டில் இரவெல்லாம் பாடும் பாட்டுக்காரர்கள் வந்து நின்றும் அவர்கள் எழவில்லை. அந்த அறையில் பேசி முடித்ததைத்தான் பிற்பாடு அரசாணை என்று தட்டச்சு அடித்தார்கள். மருந்தகத்துக்கு வருகிறவனை வழியில் யாரும் தொடக்கூடாது. தொண்டர்கள் படிக்கட்டை விட்டுவிட்டு, சரக்கு வந்து இறங்கும் கீழ்ச்சாலையில் நிற்க வேண்டும். மருந்தக நேரம் மத்தியானத்திலிருந்து காலைக்கு மாறும், குழந்தைகளின் தடுப்பூசியும் முதியவர்களின் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் அதே கட்டடத்தில் அதே காலைநேரத்தில் கொடுக்கப்படும். யார் எதற்குப் படியேறுகிறார் என்று எந்த மாடிக்கும் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் கம்பங்கள் கரகரத்தன. புது அறிவிப்பாளர் பெயர்களைச் சொன்னார். கடைசிப் பெயர் ரோசங்கா. அவன் அம்மா அன்றைக்கும் சன்னலைச் சாத்தியிருந்தாள். தகரக் குழாய்க்குச் சன்னல் ஒரு தடையா? ஓடிப்போய் மகனை உலுக்கினாள். அவன் நம்பவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தங்லியானா வாசலில் வந்து நின்று மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தான். இருவரும் சேர்ந்து மருந்தகத்துக்குப் போனார்கள். தங்லியானா தன் ஆட்களை வழக்கமாக நிறுத்தும் அதே படியில் தானே உட்கார்ந்து, உள்ளே மாத்திரை கரையும்வரை காத்திருந்தான். பிறகு கடப்பாறையை ரோசங்காவின் தோளில் வைத்தான்.

பு கிமாவின் அறை நேராக வந்திருந்தது. ரின்புயி கல்லறைக்குள் எட்டிப் பார்த்து, சுவரில் ஒரு கோணல்கூட இல்லாததைக் கண்டாள். எத்தனையோ சாவுகளைத் தன் குரலால் கௌரவமாக அனுப்பிவைத்த மனிதருக்கு அது தகும் என்று நினைத்தாள். தான் போட்ட அறிவிப்பைத் தன் அப்பாவே திருத்திவிட்டுப் போனதுபோல் இருந்தது அவளுக்கு. அதை அப்படியே எல்லோரிடமும் வாய்விட்டே சொன்னாள்.

மருந்தகத்தை மூடவில்லை. விட்டுப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், புதியவர்களும் வந்தார்கள். இடையில் இரண்டு தடவை ரோசங்கா சறுக்கினான். இரண்டு தடவையும் அவனைக் கையைப் பிடித்து மருந்தகத்துக்கு அழைத்துவந்தது சங்கத் தொண்டர்கள். மற்றப் பேட்டைக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரின்புயியின் கூட்டத்துக்கு இப்போது ஸுவாலா நேரத்துக்கு வந்துவிடுகிறார், நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு அவள் சங்கத்துப் பெஞ்சு ஒன்றைப் போட்டிருக்கிறாள். அந்த மூன்று பேரும் அதில்தான் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். யாராவது வரச் சுணங்கினால், "என்ன, இந்தத் தடவை நான் சாகணுமா?" என்று போனில் கேட்பாள்.

அப்படி ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்த மழைக்காலக் காலையில், சன்னலுக்குக் கீழே ரம்பார் வெங்கின் கம்பங்கள் கரகரத்தன. யாரோ ஒரு கிழவர், ரின்புயிக்குப் பழக்கமில்லாதவர், இறந்துபோயிருந்தார். குழி வெட்டுகிறவர்களின் பெயர்கள் வரத் தொடங்கின. இந்த முறை யாரும் யாரிடமும் எதையும் கேட்டிருக்கவில்லை. முதல் பெயரே ரோசங்கா.

தங்லியானா ஒன்றும் நடக்காததுபோல் குவாவை மென்றுகொண்டிருந்தான். ரின்புயி சன்னல் பக்கம் எழுந்து போனாள். அங்கிருந்து பார்த்தால் ரோசங்கா நுவின் சமையலறை தெரியும். மழை உள்ளே அடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் அந்தச் சன்னல் அகலத் திறந்திருந்தது.