நான் அழித்த வரி

திருமுல்லைவாயிலில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முட்டிவலிக்கு ஒரு புதுப் பயிற்சியைச் சோதித்து ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். புள்ளியியல் எனக்குச் சுத்தமாக வராது. அதனால் ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு மாத ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். கடைசி வகுப்பில் அவரவர் ஆய்வின் முடிவைக் காட்ட வேண்டும்.

என் முடிவு தேறவில்லை. மற்றவர்களுக்கு வலி குறைந்திருக்க, என்னிடம் சிகிச்சைக்கு வரும் மல்லிகா அக்காவுக்கு மட்டும் பயங்கரமாகக் கூடியிருந்தது. அளந்ததில் தவறு இருந்தால் மட்டுமே ஓர் எண்ணை நீக்கலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். நான் 'நீக்கலாம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். 'அளவீட்டுப் பிழை' என்று காரணம் எழுதி, எக்செல்லில் அக்காவின் எண்கள் இருந்த வரியை அழித்தேன். முடிவு பளிச்சென்று வந்தது.

"டேட்டா ரொம்ப க்ளீனா இருக்கு மேடம்" என்றார் கடைசி வகுப்பில் உடன் படித்தவர். அன்று இனித்த அந்தப் பாராட்டு இப்போது கசக்கிறது.

மறுவாரம் ரயில் நிலையப் படிக்கட்டில் மல்லிகா அக்கா கம்பியைப் பிடித்தபடி, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாமா, எனக்கு வலி ஜாஸ்தியானத எழுதிக்கினியா? இன்னொருத்தி இப்டி அவஸ்தைப்படக் கூடாது."

"எழுதிட்டேங்க்கா."

வாய் கூசாமல் சொன்னேன்.

வீட்டுக்குப் போனதும் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். முடிவு கவிழ்ந்தது, கட்டுரையும் நின்றுபோனது. ஆனால் படிக்கட்டில் சொன்னது பொய் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இப்போதும் என்னை நம்பித்தான் முட்டியைக் காட்ட வருகிறார்.