ஸ்டெல்லாகிட்ட நான் சொல்லாத விஷயம்

நாடகமோ சினிமாவோ, டைரக்டர்னு ஒருத்தன் எதுக்குன்னா, ஏதாவது தப்பாப் போனா எல்லாரும் திரும்பிப் பாக்கறதுக்கு ஒரு மூஞ்சி வேணும், அதுக்குத்தான். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி ஆண்டு விழா நாடகம் பதினெட்டு வருஷம், சர்ச்சுல கிறிஸ்துமஸ் நாடகம் அதுக்கும் மேல, நடுவுல ஒரே ஒரு சினிமா. இதான் என் சரித்திரம். நாலு பேரை மேடை ஏத்திப் பேஜாரானவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா நீங்க என் தோஸ்த். மத்தவங்க சிரிச்சுக்கலாம், பரவால்ல. ஆனா நான் எழுத உக்காந்தது சிரிக்க வெக்க இல்ல. ஒருத்தங்களுக்கு ஒரு துரோகம் பண்ணேன். அதை அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ற தைரியம் ரொம்ப நாள் வரல.

ஆறாவது மெஷின்

கம்பெனி நாடகத்துக்கு ஒத்திகைன்னா மத்தியானம் கான்டீன்ல, சாப்பாட்டு அரை மணி நேரம்தான். அதுலயும் பாதி சோத்துக்குப் போயிடும். ஒரு வருஷம் நாயகி வேஷத்துக்கு ஸ்டெல்லா வந்தாங்க. ஸ்டிச்சிங் லைன்ல ஆறாவது மெஷின், ஷூவோட மேல்தோல் தைக்கற வேலை. காதல் வசனத்தை அடுத்த தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்துனாங்க. "கொஞ்சம் மெதுவா பேசும்மா"ன்னேன். அடுத்த தடவை சத்தமே இல்ல, வாய் மட்டும் அசையுது. எதிர்ல நின்ன ஆளோ கரெக்டா பதில் வசனம் சொல்றான்! நான் மிரண்டுட்டேன்.

அப்புறம்தான் வெளங்குச்சு. நூறு மெஷின் ஒண்ணா ஓடற எடத்துல காது வேலைக்கு ஆகாது. ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்தே மாமியார் கதையிலர்ந்து மட்டன் வெல வரைக்கும் பேசி முடிச்சுடறாங்க. ஸ்டெல்லா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "எங்க லைன்ல ஒண்ணு கத்தணும், இல்ல வாயைப் படிக்கணும் சார். நடுவுல இருக்கறதை நீங்கதான் கத்துக் குடுக்கணும்."

கர்ச்சீப்

மூணே வருஷத்துல அவங்க மேடை ஏறினா கான்டீன்ல ஒரு டம்ளர் சத்தம் கேக்காது. அப்பதான் எனக்கு சினிமா சான்ஸ் வந்துச்சு. சென்னைப் புரொடியூசர், எங்க ஊர்க் கதை, நாயகி ஷூ கம்பெனித் தொழிலாளி. ஸ்டெல்லாவைத் தவிர வேற யாரையும் நான் நெனைக்கல. வீட்டுக்கே போய், "நீங்கதான் நடிக்கறீங்க, நான் பாத்துக்கறேன்"னு அவங்க அப்பா முன்னாடி வாக்கு குடுத்தேன். அவரு தோல் பதனிடற ஷாப்புல வேலை. என் அப்பாவும் ரிட்டயர் ஆகற வரைக்கும் அங்கதான் இருந்தாரு.

மொத நாள் ஷூட்டிங் அந்த ஷாப்புலயே. ஹீரோ உள்ள வந்ததும் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டாரு. கதைப்படி அவரும் தோல் தொழிலாளி! நான் "கட்" சொல்லியிருக்கணும். "நேச்சுரலா இருக்கு சார்"னு சொன்னேன். இப்ப எழுதறப்பவும் கூசுது. சுண்ணாம்புத் தொட்டி பக்கத்துல ஸ்டெல்லாவோட அப்பா நின்னு பாத்துட்டிருந்தாரு. டீ பிரேக்ல கிட்ட வந்து மெதுவா சொன்னாரு: "உங்கப்பன் இந்தத் தொட்டியாண்ட நின்னுதாம்பா உன்னைப் படிக்க வெச்சான். அவன் ஒரு நாளும் மூக்கைப் பொத்துனதில்ல."

கண்ணாடி ரூம்

நாலாம் நாள் புரொடியூசர் என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்ட்டாரு. சுத்தியும் கண்ணாடி. வெளியில ஸ்டெல்லா மேக்கப்போட உக்காந்திருந்தாங்க. "பொண்ணு நல்லா நடிக்குது. ஆனா மூஞ்சி போஸ்டருக்கு ஆகாது, வேற ஆளைப் போட்டுருவோம்"னாரு. படம் நின்னுடுமோன்னு எனக்குப் பயம். சரின்னேன். அதோட வுட்டிருந்தாலும் மனுஷன். "எனக்கும் மொதல்லர்ந்தே அப்படித்தான் தோணுச்சு சார்"னு சேத்து சொன்னேன். அத்தனையும் பொய். அவர் கேக்கக்கூட இல்ல, நானா குடுத்தேன்.

வெளியில வந்து, "உங்க போர்ஷன் இப்போதைக்கு முடிஞ்சுதும்மா, மீதிக்கு ஆள் அனுப்பறேன்"னேன். ஸ்டெல்லா என் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்தாங்க. "சரி சார். அப்ப நாளைக்கே லைனுக்குப் போயிடறேன்."

டப்பிங்

புது நாயகி வடக்கேர்ந்து வந்த பொண்ணு. பாவம், அதும்மேல தப்பு சொல்ல மாட்டேன். தமிழ் தெரியாது, அவ்ளோதான். சென்னையில யாரைக் குரல் குடுக்கச் சொன்னாலும் எங்க ஊர்ப் பேச்சு வரல, உதடும் ஒட்டல. உதட்டைப் பாத்துப் பேசறதுக்கு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தங்கதான். கூசாம ஆள் அனுப்பினேன். எதுக்குன்னு சொல்லல, வந்ததும் பக்குவமா சொல்லிக்கலாம்னு. வந்தாங்க, டீ குடிச்சாங்க, மைக் முன்னாடி போய் நின்னாங்க. அப்பவும் சொல்லல. திரையில வெளிச்சம் வந்துச்சு. அவங்க வசனத்தை வேற ஒரு மூஞ்சி பேசுது.

 நான் தலையைக் குனிஞ்சு சும்மா பேப்பரைப் பொரட்டிட்டிருந்தேன். அப்புறம் "ஓட்டுங்க"ன்னு அவங்க குரல் கேட்டுச்சு. மூணு நாள் வேலை, ஒரே நாள்ல முடிச்சாங்க. கெளம்பறப்ப, "அது வந்து, புரொடியூசர்தான்..."னு இழுத்தேன். அவங்க கையைக் காட்டி நிறுத்தினாங்க. "அன்னிக்குக் கண்ணாடிக்கு அந்தாண்ட நீங்க இன்னா சொன்னீங்கன்னு உங்க வாயைப் பாத்தே படிச்சுட்டேன் சார். நீங்களா சொல்வீங்கன்னு எட்டு மாசமா இருந்தேன்."

மொத ஞாயித்துக்கிழமை

டைட்டில்ல அவங்க பேர் வரல. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போட்டிருப்பாங்க. அவசரத்துல மறந்துட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆம்பூர்ல படம் வந்த ஞாயித்துக்கிழமை, லைன் மொத்தமும் வந்து ரெண்டு வரிசை புடிச்சு உக்காந்துச்சு. ஸ்டெல்லா வரல. நடந்ததை அவங்க யார்கிட்டயும் சொல்லலன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. முப்பது பேரும் திரையில அவங்களத் தேடறாங்க. இடைவேளையில நான் சமோசா கடைக்குப் பின்னால ஒதுங்கினேன். அஞ்சாவது மெஷின் அக்கா வுடல, தேடி வந்து புடிச்சுட்டாங்க: "இன்னா சார், கொரலு எங்க ஸ்டெல்லாது. வாயசைக்கறது யாரு?"

கான்டீன்

படம் ஒரு வாரம் ஓடுச்சு. அதுக்கப்புறம் சினிமாவும் என்னைக் கூப்டல, கம்பெனிக்குப் போக எனக்கும் கால் வரல. இப்ப அங்க லைன் சூப்பர்வைசர் ஸ்டெல்லா. ஆண்டு விழா நாடகத்தை டைரக்ட் பண்றதும் அவங்கதான். போன மாசம் மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஒத்திகை நேரத்துல கான்டீனுக்குப் போனேன். எல்லாரும் இருக்கறப்பவே சொன்னேன். "உங்களை மாத்தணும்னது புரொடியூசர். ஆமாம்னது நான். உங்க மூஞ்சியைப் பத்தி நான் ஒரு நாளும் அப்படி நெனைச்சதில்ல, பயந்துபோய்ச் சொன்னேன். சொன்னதை மறைச்சேன். மன்னிச்சுடும்மா." ஊருக்கெல்லாம் வசனம் சொல்லிக் குடுத்தவன், இந்த நாலு வரியை மூணு தடவை தடுமாறித்தான் முடிச்சேன்.

 ஸ்டெல்லா சாப்பாட்டு டப்பாவை மூடி வெச்சாங்க. கையைத் தொடச்சுக்கிட்டு நாடகப் பேப்பரை எடுத்துப் பொரட்டினாங்க. "மன்னிப்பு எனக்குள்ள எப்ப வருதோ அப்ப வரட்டும் சார். நாடகத்துல ஒரு ஆள் கம்மி. அநியாயம் நடக்கறப்ப ஓரமா நின்னு பாத்துட்டு சும்மா இருக்கற ஆளு, வசனம் கெடையாது. உங்களுக்கு ஒத்திகைகூட வேணாம்."

ஆண்டு விழா போன வாரம் முடிஞ்சுது. அந்த வேஷமாவே வாழ்ந்துட்டேன்னு ஆளாளுக்கு வந்து கை குடுத்தாங்க, இத்தினி வருஷத் தொழில்ல எல்லாரும் ஒரே குரல்ல என்னைப் பாராட்டுனது அதுக்கு மட்டும்தான்.