பெரிய கோயிலில் ஒரு முழுக் குத்தகை

முதலமடையில் மாந்தோப்புக் குத்தகை எடுக்கிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள். பூவைப் பார்த்தே காயைச் சொல்கிறவர் சின்னையன் ஒருவர்தான். மார்கழியில் மரத்தடியில் போய் நிற்பார். ஒரு கொப்பை வளைத்து மோந்து பார்ப்பார். இத்தனை லோடு என்பார். சித்திரையில் அதே லோடுதான் ஏறும். விவசாயக் காலேஜில் படித்து வந்தவர்கள்கூட அவர் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போயிருக்கிறார்கள். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதி. கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் பஸ்ஸுக்குப் பஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழம் விற்ற மனுசன், இன்றைக்கு அவருடைய ஷெட்டில் இருந்து லாரி டெல்லிக்குப் போகிறது. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. கேட்கவும் இல்லை.

முழுக் குத்தகை என்றால் அவருக்கு முழுக் குத்தகை. பூவில் பேச்சு முடிந்து வெற்றிலை கைமாறிவிட்டால், கடைசிக் காய் இறங்கும் வரைக்கும் மரத்தில் தொங்குவதும் அவருடையது, காற்றுக்கு உதிர்வதும் அவருடையது. ஒரு தடவை தோப்புக்கார வீட்டம்மாள் ஊறுகாய்க்கென்று ஒரு கூடை உதிர்காய் பொறுக்கி வைத்திருந்தாள். அதைத் திரும்பக் கொட்ட வைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். "பேச்சுன்னா பேச்சுங்க" என்றார் சின்னையன். இன்றைக்கும் அதைப் பெருமையாகத்தான் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்கு ஒன்று மட்டும் கைக்கு வரவில்லை. அவர் மனைவி ராமாத்தாள் சிரித்து ஏழு வருடம் ஆகிவிட்டது.

சண்டை என்றோ பேச்சு வார்த்தை இல்லை என்றோ சொல்ல முடியாது. நேரத்துக்குச் சோறு வரும், துவைத்த வேட்டி மடித்து வரும், கேட்டதற்குப் பதில் வரும். சிரிப்பு மட்டும் வராது. மூத்தவன் ஆனந்தகுமார் வீட்டை விட்டுப் போன நாளோடு அது நின்றது.

அந்த வருடம் சின்னப் பிள்ளைகள் படிக்கிற தமிழ் எல்.பி. ஸ்கூலை ஒட்டின தோப்பில் பூவில் தத்துப்பூச்சி விழுந்திருந்தது. காற்று ஸ்கூல் பக்கம் அடிக்கிறது, சனிக்கிழமை மருந்து அடிக்கலாம் என்று ஆனந்தகுமார் ஆட்களை நிறுத்தி வைத்தான். பூச்சி சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்குமா? சின்னையன் வந்தார், செருப்பைக் கழற்றினார், முப்பது ஆட்கள் பார்க்க மகனை அடித்தார். மருந்தும் அடித்தார். அன்றைக்கு மத்தியானம் ஸ்கூலில் இரண்டு குழந்தைகள் வாந்தி எடுத்தன. வெயில் என்றார் சின்னையன். தோப்பு நன்றாகக் காய்த்தது. ஆனந்தகுமார் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு உரக்கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். "இனி என்ற வாசப்படி மிதிக்கப்படாது" என்றார் இவர். அவன் மிதிக்கவில்லை. அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது என்று காதில் விழுந்தது. சின்னையன் கேட்காத மாதிரி இருந்துகொண்டார்.

இந்த வருடம் சீசன் முடிந்த கையோடு ராமாத்தாள் தானாக வாய் திறந்தாள்.

"ஏனுங்க, தஞ்சாவூர்ப் பெரிய கோயலைப் பார்க்கோணும்."

ஏழு வருடத்தில் அவள் கேட்ட முதல் காரியம். தஞ்சாவூரில் எவன் இருக்கிறான் என்பது சின்னையனுக்கு ஞாபகம் வராமல் இல்லை. அத்தனை பெரிய ஊரில் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்கு அவன் எதற்குக் குறுக்கே வரப்போகிறான் என்று நினைத்தார். இவள் கேட்டுவிட்டாள், மனசு இறங்கிவிட்டது, அதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. கூடவே இன்னொரு ஆசையும் வந்தது. எதிர் ஷெட்டுக் குத்தகைக்காரன் மாரப்பன், தாஜ்மகாலுக்கு முன்னால் பொண்டாட்டியோடு பல்லெல்லாம் தெரிய நின்ற படத்தைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருந்தான். போகிறவன் வருகிறவனை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறான். நாமும் ராமாத்தாளும் அதைவிடப் பெரிய கோபுரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், அவள் சிரிக்க வேண்டும், அதை ஹாலில் மாட்ட வேண்டும்.

சின்ன மகன் நவீன்குமார்தான் போனில் தேடிச் சந்துரு என்கிற தஞ்சாவூர்ப் போட்டோக்காரனைப் பிடித்தான். கோயிலில் படம் எடுப்பதற்கு எழுதிக் கேட்டு அனுமதி வாங்குவதெல்லாம் சந்துரு பார்த்துக்கொள்வான். சின்னையன் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, எத்தனை மணி நேரம் எடுப்பே?"

"ரெண்டு மணி நேரம்யா. சாயங்காலம் நாலரைக்கு வந்துடுங்க. வெயில் இறங்குறப்பதான் கல்லு பொன்னு மாதிரி இருக்கும். முப்பது படம் சரிபண்ணித் தந்துடுவேன்."

"அதென்ன முப்பது? எடுக்கறது எத்தனை?"

"நானூறு ஐநூறு வரும்யா. அதுல நல்லதாப் பாத்து..."

"நல்லது கெட்டது நான் பாத்துக்கறேன். அந்த ரெண்டு மணி நேரத்துல உன்ற கேமராவுல விழுகறது பூராவும் என்னுது. சரீன்னா சொல்லு, இல்லீன்னா வேற ஆளு பாக்கறேன்."

"அப்புடியே ஆகட்டும்யா" என்று சந்துரு சிரித்தான். அவனுக்கு அது ஒரு பேச்சு. சின்னையனுக்கு அது வெற்றிலை கைமாறின மாதிரி.

போன அன்றைக்கு வெயில் இன்னும் காய்ந்துகொண்டுதான் இருந்தது. வெறுங்காலோடு கருங்கல் தரையில் நிற்க முடியவில்லை. நந்திக்குப் பக்கத்தில், கோபுரம் முழுசாகத் தெரிகிற இடத்தில், சந்துரு இரண்டு பேரையும் நிறுத்தினான்.

"அம்மா, ஐயா பக்கத்துல வாங்க. இன்னும் கொஞ்சம். லேசா சிரிங்கம்மா."

ராமாத்தாள் சாமி சிலை மாதிரி நின்றாள். முக்கால் மணி நேரம் ஓடியது. சந்துரு என்னென்னவோ சொல்லிப் பார்த்தான்.

"ரேசன் கார்டுக்கா படம் எடுக்கறாங்க? சித்தெ சிரிச்சாத்தான் என்ன?" என்று சின்னையன் பல்லைக் கடித்தார்.

"வரலீங்க."

சந்துரு கேமராவை இறக்கினான். "ஐயா, ஒங்க வெள்ளைச் சட்டை வெயிலுக்கு ரொம்ப அடிக்குது. வேற கலர் இருக்கா?"

காரில் மாம்பழ நிறத்தில் பட்டுச்சட்டை இருந்தது. கார் ரோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. சின்னையன் நவீன்குமாரைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே போனால் நவீன்குமாருக்குச் சாவி கிடைக்கவில்லை. இந்தப் பாக்கெட், அந்தப் பாக்கெட், செருப்பு விட்ட இடம் என்று தேடினான்.

"ஒரு சாவியப் பத்திரமா வெக்கத் துப்பில்ல, நீயெல்லாம் எனக்கப்புறம் தோப்புப் பாக்கப் போறவன்!"

சாவி கடைசியில் முதலில் பார்த்த பாக்கெட்டிலேயே இருந்தது. திரும்பி வருவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வந்தால் ராமாத்தாள் வேறு மாதிரி இருந்தாள். தலையில் மல்லிகைப்பூ. கண்ணோரம் ஈரம். ஆனால் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"பூ ஏது?"

"ஒரு புள்ள குடுத்துது."

சின்னையன் அதற்குமேல் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்று மீசையை முறுக்கினார். உற்சாகம் வந்துவிட்டது.

"தம்பி சந்துரு, இதக் கட்டறதுக்கு அந்த ராசாவுக்கு அப்பன் சொத்து இருந்துச்சு, ஆளு இருந்துச்சு, ஆனை இருந்துச்சு. எனக்கு ஒரு கூடைதான் இருந்துச்சு!"

ராமாத்தாள் சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏழு வருடம் கழித்துத் தன் வாய்ப்பேச்சுக்கே சிரிக்கிறாள் என்று சின்னையன் இன்னொரு தரம் மீசையை முறுக்கினார். அந்த நேரம் பார்த்து சந்துருவின் முதுகுக்குப் பின்னால் ஆறேழு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஆடிக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது. சந்துருவின் கவனம் சிதறிப் படம் கெட்டுவிடுமே என்று ஒரு அதட்டுப் போட்டார்.

"ஏ புள்ளே, யாரூட்டுக் கொளந்தை நீ? படம் எடுக்கறது தெரியல? அக்கட்டால போ!"

குழந்தை மிரண்டுபோய்த் தூண் வரிசைப் பக்கம் ஓடியது. திரும்பிப் பார்த்தபோது ராமாத்தாளின் சிரிப்பு போய்விட்டிருந்தது. கையையும் எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் சந்துரு எடுத்த படமெல்லாம் பழையபடி சாமி சிலைதான்.

பரவாயில்லை, ஒன்று விழுந்திருக்கும் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு ஊர் வந்தார்.

பத்து நாள் கழித்து முப்பது படம் வந்தது. ஒவ்வொன்றிலும் சின்னையன் ராஜா மாதிரி இருந்தார். சிரிப்புப் படம் மட்டும் இல்லை. அன்றைக்கே சந்துருவைக் கூப்பிட்டார்.

"அது சரியா அமையலய்யா. அம்மா நல்லாருக்காங்க, நீங்க வாயத் தொறந்துக்கிட்டு இருக்கீங்க. அதான் விட்டுட்டேன்."

"இருந்தா இருக்கட்டும். பூராத்தையும் அனுப்பு."

சந்துரு குரலை இறக்கினான். "ஐயா, எல்லாம் வேணாம்யா. அந்த ஒண்ண மட்டும் இப்பவே அனுப்பிடுறேன்."

"ஒண்ணு மட்டும் பொறுக்கறதுக்கு நான் என்ன உதிர்காய் பொறுக்க வந்தவனா? பூராவும்னு பேச்சு. என்னத்தையோ ஒளிக்கறே நீ."

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த ராமாத்தாள் சொன்னாள். "அந்த ஒண்ணு வந்தாப் போதாதுங்களா?"

"பேச்சுன்னா பேச்சு. இவன்கிட்ட ஏமாந்தா நாளைக்குத் தோப்புக்காரன் எவன் என்னைய மதிப்பான்?"

அவள் அவரையே ஒரு நிமிசம் பார்த்தாள். "சரீங்க" என்றாள்.

கூரியரில் பென்டிரைவ் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், நவீன்குமார் அதை டிவியில் சொருகினான்.

"வேண்டாங்கப்பா. விட்டுருங்க" என்றான்.

"நீ தள்ளு."

அவன் ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டான். ராமாத்தாள் கீழே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். சின்னையன் ஒவ்வொன்றாகத் தள்ளினார். வெள்ளைச்சட்டைப் படங்கள் நூறுக்கு மேல் போயின. அப்புறம் அவர் இல்லாத படங்கள் வந்தன.

தூண் பக்கத்தில் ஆனந்தகுமார் நிற்கிறான். காதோரம் நரைத்திருக்கிறது. ராமாத்தாள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். அடுத்ததில் அவள் மடியில் ஒரு பெண் குழந்தை. அதற்கடுத்ததில் அந்தக் குழந்தை பாட்டியின் தலையில் பூ வைக்கிறது. பதினோரு படங்கள். எல்லாவற்றிலும் ராமாத்தாள் சிரிக்கிறாள், அல்லது அழுகிறாள், அல்லது இரண்டும்.

அதற்கப்புறம் பட்டுச்சட்டை. அவர் கேட்ட படம். ராமாத்தாள் குலுங்கிச் சிரிக்கிறாள், கண் கேமராவைத் தாண்டி எங்கேயோ போகிறது. பக்கத்தில் அவர் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருக்கிறார். வேகத்தில் ஒன்றைத் தாண்டிவிட்டோமே என்று பின்னால் தள்ளினார்; சந்துரு பின்பக்கம் திரும்பி எடுத்த படம். குழந்தை ஒரு கையை இடுப்பில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அவரை மாதிரியே.

சின்னையன் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"சாவி தொலையலை."

"இல்லீங்க."

"அந்தச் சந்துருவுக்கும் தெரியும்."

"எங்களை ஒரு படம் எடுப்பா தம்பின்னு நாந்தான் கேட்டேன். உங்களுக்கு அனுப்ப வேண்டாம்னும் சொன்னேன். அந்தத் தம்பி நல்லவருங்க, கடைசிவரைக்கும் மறைக்கப் பார்த்தாரு. நீங்கதான் பூரா வேணும்னீங்க. பூரா வந்திருச்சு."

"எத்தனை நாளா நடக்குது?"

"ஏழு வருசமா போன்ல பேசறேன். கையில தொட்டது அன்னைக்குத்தான்."

அவர் டிவியைப் பார்த்தார். மீசை முறுக்குகிற படம் அப்படியே நின்றது.

"இதுக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?"

"ஆரும் சொல்லிக் குடுக்கல. போனுல உங்க படத்தைப் பாத்துப் பாத்து அதுவாப் பண்ணுது. பேரு கிருத்திகா. தாத்தா என்னைய ஏன் தொரத்துனாருன்னு ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் கேட்டுதாம்."

மொச்சை உரிக்கிற கை நின்றுவிட்டது. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். பூவைப் பார்த்தே காயைச் சொல்கிறவருக்கு அது தெரியாதா? ஆனால் முப்பது ஆட்கள் முன்னால் செருப்பெடுத்த கை அவருடையது. இன்றைக்கு அதே ஆட்கள் முன்னால் அவனை வாடா என்று கூப்பிட வேண்டும்.

"அவன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் யோசிக்கலாம்."

"அவன் எதுக்குங்க கேக்கோணும்?"

சின்னையன் டிவியை அணைத்தார். ராமாத்தாள் மொச்சையை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு நேரத்துக்கு வந்தது.

அந்தச் சிரிப்புப் படத்தையே அவர் பொள்ளாச்சியில் கொடுத்துப் பெரிதாக்கினார். மாரப்பன் வீட்டுப் படத்தைவிட இரண்டு சாண் கூட. ஹாலில், வாசலைப் பார்த்து மாட்டினார். மாட்டின அன்றைக்கு ராமாத்தாள் கேட்டாள், "வேற படம் கெடைக்கலீங்களா?" அவர் ஆணியை இன்னொரு அடி அடித்தார். அவரோடு நின்ற வேறு படம் எதிலும் அவள் சிரிக்கவில்லை.

போன வாரம் மாரப்பன் தன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். காபியைக் குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தான், எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தான்.

"அட, அக்கா இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்களே! நீங்க என்னமோ சொல்றீங்க, அவங்க சிரிக்கறாங்க. அப்பிடி என்னுங்க சொன்னீங்க?"

சின்னையன் மீசைக்குக் கையைக் கொண்டுபோனார், பாதியில் இறக்கினார். அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"ராசாவுக்கு அப்பன் சொத்து இருந்துச்சு, எனக்கு ஒரு கூடைதான் இருந்துச்சுன்னேன். அதுக்குத்தான் இந்தச் சிரிப்பு."

மாரப்பன் ஹால் அதிரச் சிரித்தான். ராமாத்தாள் காலித் தம்ளரை அவன் கையில் இருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.