சாவிக்காரியின் மீதிக் கதை

பழைய பேப்பர் கடையில் அவளுக்குப் பெயர் அட்டைக்காரி. வந்து குவிகிற புத்தகங்களின் அட்டையைக் கிழித்து ஒரு மூட்டையிலும் உள்தாளை இன்னொரு மூட்டையிலும் போடுவது அவள் வேலை. பளபளப்பு அட்டையும் முதுகில் இருக்கும் பசையும் காகித ஆலைக்கு ஆகாது. அதனால் முதுகையும் வெட்டுக்கத்தியில் வைத்துச் சீவிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான், ஆனால் கண் சும்மா இருக்காது. கிழிக்கிற கையோடு நாலு வரி படித்துவிடுவாள். பிடித்துப்போனால் அந்தத் தாள்கள் சாப்பாட்டுப் பையில் ஏறி வீட்டுக்குப் போகும். இப்படி எத்தனையோ கதைகள் தெரியும் அவளுக்கு. ஒன்றுக்கும் பெயர் தெரியாது. அட்டையைக் கிழிப்பாளே தவிரப் பார்க்கமாட்டாள். முதல் தாளும் அட்டையோடு ஒட்டிக்கொண்டு போய்விடுமே!

இத்தனை நாள் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அக்கா வந்த பிறகுதான் தெரிந்தது.

அக்காவின் தையல் மிஷினை அத்தான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாதி தைத்த சட்டை ஊசியில் மாட்டியபடியே வண்டியில் ஏறிப் போயிற்றாம். "சும்மாதானே கிடக்குது" என்றாராம். அக்கா தன்னிடமிருந்த வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியோடு தங்கையின் ஒற்றை அறைக்கு வந்துவிட்டாள். வந்தாளே தவிர, பெட்டியைப் பிரிக்கவில்லை. துவைத்த துணியை மடித்துத் திரும்பவும் பெட்டிக்குள்ளேதான் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று அத்தான் போனில் சொல்லியிருந்தார். மிஷினைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

போகாதே, இங்கேயே இரு என்று சொல்லத் தங்கைக்கு ஆசைதான். நாக்கு எழவில்லை. அதற்குப் பதில் சாயங்காலங்களில் ஒரு கதையைப் படித்துக் காட்டினாள். கதையில் ஒருத்தி கணவன் வீட்டைப் பூட்டி, சாவியைக் கதவில் தபால் போடுகிற துவாரம் வழியாக உள்ளேயே போட்டுவிட்டுப் போகிறாள். இனி நினைத்தாலும் அவளால் திறக்க முடியாது. அக்கா அவளுக்குச் சாவிக்காரி என்று பெயர் வைத்தாள். ஓர் இடத்தில் உட்காராத அக்கா, சாவிக்காரிக்காக உட்கார்ந்தாள்.

புத்தகம் தடிமனாக இருந்ததால் முதுகைச் சீவியபோதே அதை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை மட்டும்தான் கொண்டுவந்திருந்தாள். கணவன் கீழே தெருவில் வந்து நிற்கிறான், சாவிக்காரி ஜன்னலில் நின்று பார்க்கிறாள் என்ற இடத்தில் பாதி முடிந்தது. மறுநாள் கடையில், தான் உட்காரும் சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பின்பாதியைத் தேடினால் காணோம்.

"அண்ணே, இங்கே இருந்த தாளெல்லாம் எங்கே?"

"கேட்பாரில்லாம கிடந்துச்சு, மூட்டையில போட்டேன். லாரி போயாச்சு" என்றார் எடைக்காரர். "ஏம்மா, உன் சொத்துப் பத்திரமா அதுல?"

சாயங்காலம் அக்கா விடவில்லை. "அவ இறங்கிப் போனாளா, இல்லையா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா எப்படி? ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கை மட்டும் பெட்டி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

அட்டைக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. புத்தகக் கடைக்குப் போனால், "பேரைச் சொல்லுங்க" என்றார்கள். "ஒருத்தி சாவியை உள்ளே போட்டுட்டு..." என்று ஆரம்பித்தாள். கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மிச்சம் இருந்தது வேலைக்குப் போய்வரும் ரயில்தான். அதில் படிப்பவர்கள் உண்டு. அதே கதை யார் கையிலாவது இருக்காதா? தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் திருடி என்பார்கள். கேட்டுவிடுவது மேல். அந்நியரிடம் மணி கேட்கக்கூட வெட்கப்படுகிறவள், கேட்டேவிட்டாள்.

"சார், என்ன புக்கு படிக்கிறீங்க?"

அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். "சர்க்கரை வியாதி. ஏன், உங்களுக்கும் இருக்கா?" அவர் இறங்கும்வரை அவருடைய சர்க்கரையைக் கேட்டுக்கொண்டு வந்தாள். கல்லூரிப் பெண் ஒருத்தி பையை இழுத்து அணைத்துக்கொண்டு, "நான் எதுவும் வாங்கறதா இல்லக்கா" என்றாள். இன்னொருவர் கேள்விக்குப் பதிலாகப் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினார்.

சனிக்கிழமையும் வந்துவிட்டது. சாயங்கால ரயிலில், கதவோரம் நின்று நர்ஸ் ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். ரயில் குலுங்கியதில் புத்தகம் இவள் பக்கமாகச் சாய்ந்தது. தபால் துவாரம், சாவி என்ற வார்த்தைகள் கண்ணில் பட்டன.

"சிஸ்டர், இதுல ஒருத்தி சாவியை வீட்டுக்குள்ளயே போட்டுட்டுப் போவாளே..."

"அட, ஆமா! நீங்க படிச்சிட்டீங்களா? ஐயோ, மேல சொல்லிடாதீங்க."

"மேல எனக்கே தெரியாதுங்க. கடைசிப் பக்கத்தை மட்டும் பாத்துச் சொல்றீங்களா?"

"நானா? நல்லாருக்கே! முடிவைப் பாத்துட்டா அப்புறம் என்னத்தைப் படிக்கிறது?"

"எங்க அக்கா போறதா இருக்கறதான்னு இதுலதாங்க இருக்கு." வாய் தவறி வந்துவிட்டது.

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை நீட்டினாள். "நீங்களே படிங்க. மூஞ்சியில ஒண்ணும் காட்டக் கூடாது, சொல்லிட்டேன்." வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கம்பியை முழங்கையால் பிடித்தபடி அட்டைக்காரி கடைசிப் பக்கத்தைப் படித்தாள். சாவிக்காரி திரும்பிப் போகிறாள். கணவன் கதவைத் திறக்கிறான். அன்றைக்கு அவள் போட்ட சாவி விழுந்த இடத்திலேயே தூசி படிந்து கிடக்கிறது. அவள் குனிந்து எடுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை.

"மூஞ்சி சொல்லுதே!" என்றாள் நர்ஸ்.

"இல்லைங்க, என் மூஞ்சியே இப்படித்தான்."

இறங்கிய பிறகு தெருவை இரண்டு முறை சுற்றினாள். சாவிக்காரி போகவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் படியேறி உள்ளே போனதும், அக்கா நிமிர்ந்து பார்த்த பார்வையில் பொய் வரவில்லை.

"திரும்பிப் போயிட்டாக்கா."

அக்கா பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "அவன் என்ன சொன்னான்?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல. கதவைத் திறந்தான். சாவி போட்ட இடத்துலயே கிடந்துச்சு. இவதான் குனிஞ்சு எடுத்தா."

"போட்ட இடத்துலயேவா? அத்தனை நாளும் அவன் எடுக்கலையா?"

"தூசி படிஞ்சிருந்துச்சாம்."

"அப்போ தினமும் அதைத் தாண்டித் தாண்டியே நடந்திருக்கான்!" அக்கா எழுந்துவிட்டாள். அறைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். "அதைக் கண்ணால பாத்துட்டும் உள்ள போனாளா? அறிவு இருக்கா அவளுக்கு? திரும்பி வந்துருக்க வேண்டாம்? இந்த மனுஷன் மட்டும் என்ன, போன்ல மிஷினைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா?" இடுப்பிலிருந்த சாவியை உருவி மேஜைமேல் வைத்தாள். "நாளைக்கு வரட்டும். இதை வாங்கிட்டுப் போகட்டும். அலமாரியில எனக்கு எந்தத் தட்டு?"

"மேல் தட்டுக்கா."

"எனக்கு எட்டாது. கீழ்த்தட்டைக் காலி பண்ணு."

கீழ்த்தட்டு நிறைய அட்டையில்லாத தாள்கள். தங்கை அவற்றை அள்ளி அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். அக்கா பெட்டியிலிருந்து துணியை எடுத்து அடுக்கினாள். கோபம் தணியவில்லை.

"நடுவுல என்னமோ நடந்திருக்கு. இல்லன்னா அவ அப்படிப் போறவ இல்ல. அந்தப் புக்கு பேர் என்ன?"

அட்டைக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரயிலில் கையில் முழுப் புத்தகம் இருந்தது, அட்டையோடு. பழக்க தோஷம், அட்டையைப் பார்க்கவே இல்லை.

"அந்த சிஸ்டர் திங்கக்கிழமையும் அதே வண்டியில வருவாங்களாயிருக்கும்க்கா" என்றாள்.